கழிவறை மாடி ஏறிய வரலாறு

தமிழ்நாட்டு ஊர்களில் பழைய வீட்டைத் திருத்திக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் கைவைப்பது மாடியில்தான். ஒரு ஹால், ஒட்டினாற்போல் ஓர் அறை, மொட்டை மாடி ஓரத்தில் தனியாக ஒரு கழிவறை என்று 1970களிலும் 80களிலும் கட்டிய மாடி, இன்று இரண்டு படுக்கையறைகளாகவும் அவற்றோடு இணைந்த இரண்டு குளியலறைகளாகவும் மாறுகிறது. மகனுக்குக் கல்யாணம், படிக்கிற மகளுக்குத் தனி அறை, வயதான பெற்றோர் இரவில் தூரம் நடக்க வேண்டியிருக்கக் கூடாது என்று காரணம் வீட்டுக்கு வீடு மாறும். மேஸ்திரியோ இன்ஜினியரோ கேட்கும் முதல் கேள்வி மட்டும் எங்கும் ஒன்றுதான்: கீழே கழிவறை எந்த மூலையில் இருக்கிறது? குழாய் நேராக இறங்க வேண்டும். பூஜை அறைக்கும் அடுப்படிக்கும் மேலே கழிவறை வரக் கூடாது. செப்டிக் டேங்க் பக்கத்தில் இருக்க வேண்டும். இதெல்லாம் முடிவான பிறகே கட்டில் எங்கே, அலமாரி எங்கே என்ற பேச்சு வரும். இதைப் பார்க்கிறவருக்கு மாடியின் அமைப்பு குழாயும் பணமும் தீர்மானிக்கிற விஷயம் என்றே தோன்றும். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் நூற்றைம்பது ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்தால் வேறொன்று தெளிவாகிறது. நம் வீடுகளில் கழிவறை எங்கே நிற்க வேண்டும், எப்போது நகரலாம் என்பதை எல்லாவற்றுக்கும் மேலாக நிர்ணயித்தது, அங்கிருந்து கழிவை யார் எடுத்துப் போகிறார் என்ற கேள்விதான். அந்த ஆளை வீட்டார் பார்க்க வேண்டிய தேவை நீங்கிய பிறகே படுக்கையறைக்குப் பக்கத்தில் கழிவறை வந்து சேர்ந்தது.

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பழைய தெரு வீடுகளை எடுத்துக்கொள்ளலாம். அகலம் குறைவு, நீளம் அதிகம். திண்ணை, ரேழி, முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், கூடம், இரண்டாம் கட்டு, அடுக்களை, கிணற்றடி, மாட்டுத்தொழுவம், கடைசியில் கொல்லை என்று வீடு ஒரே கோட்டில் நீண்டுகொண்டே போகும். தெருவிலிருந்து உள்ளே போகப்போக, வரக்கூடியவர்கள் யார் என்பதும் சுருங்கிக்கொண்டே போகும். ஆளுக்கொரு படுக்கையறை என்ற ஏற்பாடு இந்த வீடுகளில் இல்லை. பாயும் தலையணையும் பகலில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். இரவில் கூடமே படுக்கும் இடம். ஆண்கள் திண்ணையிலும் கூடத்திலும், பெண்களும் குழந்தைகளும் உள்கட்டில். காமிரா உள் என்று ஓர் அறை இருந்தால் அது பெட்டிக்கும் பத்திரத்துக்கும், பிரசவித்தவளுக்கும், புதிதாகக் கல்யாணமானவர்களுக்கும் முறைவைத்துப் பயன்பட்டது. மாடி இருந்த வீடுகளில் அது நெல்லுக்கும் பாத்திரத்துக்கும் விருந்தாளிக்கும் உரியது. கோடையில் மொட்டை மாடியில் பாய் விரிப்பார்கள். குளிப்பது கிணற்றடியில், பெண்களுக்கு ஒரு தட்டி மறைவு அல்லது அரைச்சுவர். குளிக்கும் இடமும் கழிக்கும் இடமும் ஒரே அறைக்குள் இருக்கலாம் என்ற எண்ணமே அந்த வீட்டு ஒழுங்குக்கு அந்நியமானது. ஒன்று சுத்தம் தரும் இடம், மற்றது சுத்தத்தைக் கெடுக்கும் இடம். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் விட முடியுமோ அவ்வளவு விட்டார்கள்.

கழிக்கும் இடம் முதலில் வீட்டு எல்லைக்குள்ளேயே இல்லை. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஆசாரக்கோவை, பயிர் நிற்கும் இடத்திலும் வழியிலும் நீர்த்துறையிலும் கோயிலிலும் நிழலிலும் மாடு அடையும் இடத்திலும் கழிக்கக் கூடாது என்று விலக்குகிறது. இப்படி விலக்க வேண்டியிருந்ததே, திறந்த வெளிதான் வழக்கமான இடமாக இருந்தது என்பதற்குச் சான்று. நகரங்கள் நெருங்க நெருங்க அந்த வெளி சுருங்கியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், 1871, 1884ஆம் ஆண்டுச் சட்டங்களின் கீழ் சென்னை மாகாணத்து ஊர்களில் நகராட்சிகள் அமைந்து துப்புரவைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்ட காலத்தில், கொல்லைக் கோடியில் எடுப்புக் கக்கூஸ் நிலைபெற்றது. அதன் கட்டுமானத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் ஒரு மேடை, அதில் கால் வைக்க இரண்டு கற்கள், நடுவில் ஓர் ஓட்டை. ஓட்டைக்குக் கீழே ஒரு தகரமோ கூடையோ வெறும் தரையோ. மேடையின் பின்சுவரில், வீட்டுக்கு வெளிப்பக்கம் பார்த்தபடி, ஒரு சின்னத் தகரக் கதவு. அந்தக் கதவு திறப்பது வீடுகளின் முதுகுக்கும் முதுகுக்கும் இடையே ஓடும் ஒரு குறுகிய சந்தில். விடிகாலையில் அந்தச் சந்து வழியாக வருகிறவர், பெரும்பாலும் ஒரு பெண், கதவைத் திறந்து, தகரத் துண்டால் வழித்து, சாம்பல் தூவி, கூடையில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போவார். அருந்ததியர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதிகளின் மேல் தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்ட வேலை இது. வீட்டுக்குள் இருப்பவர்களும் அவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஆண்டுகள் கழிந்துவிட முடியும். அப்படித்தான் அந்தக் கட்டுமானம் திட்டமிடப்பட்டிருந்தது.

கழிவறை ஏன் மாடியில் இல்லை என்பதற்கு விடை இந்தத் தகரக் கதவில் இருக்கிறது. அந்தக் கதவு சந்தைப் பார்த்துத் திறக்க வேண்டும், சந்தில் நிற்கிற ஆளின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்குள் அந்த ஆள் கால் வைக்கக் கூடாது என்பது மாறாத விதி. இந்த மூன்றையும் ஒருசேரக் கடைப்பிடித்தால் கழிவறை தரையில், வீட்டின் பின்கோடியில், மதிலை ஒட்டி மட்டுமே இருக்க முடியும். மாடியில் ஒன்று வைப்பதானால் வழிக்கிற ஆள் கூடத்தைத் தாண்டிப் படியேறி வர வேண்டும். அதைவிட, இரவில் லாந்தரை எடுத்துக்கொண்டு கொல்லை முழுவதும் நடப்பதே மேல் என்று குடும்பங்கள் கருதின. அந்தத் தேர்வின் சுமை எல்லார்மேலும் ஒரேபோல் விழவில்லை. கர்ப்பிணிகள், முதியவர்கள், நோயாளிகள், இருட்டிய பிறகும் விடியும் முன்பும் மட்டுமே போகப் பழக்கப்பட்ட பெண்கள் என்று வீட்டுக்குள்ளும் அதன் விலையைக் கொடுத்தவர்கள் இருந்தார்கள்.

இதற்கு உடனே வரும் மறுப்பு ஒன்று உண்டு. பழைய வீட்டில் கழிவறையை ஒதுக்கி வைத்தது சுகாதார அறிவு. வெயில் தேசத்தில், குழாயும் மூடிய சாக்கடையும் இல்லாத காலத்தில், நாற்றத்தையும் ஈயையும் தூர வைப்பது புத்திசாலித்தனம். அதில் சாதியைத் தேடுவானேன் என்று கேட்பார்கள். இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறுக்க வேண்டியதில்லை. திறந்த மலத்தை அடுக்களையிலிருந்து தூர வைத்தது நல்லதுதான். ஆனால் சுகாதாரம் மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் முதலில் காப்பாற்றப்பட்டிருக்க வேண்டியது கிணறு. நெருக்கமான தெரு வீடுகளில் கிணறும் எடுப்புக் கக்கூஸும் ஒரே மனையின் பின்பாதியில்தான் இருந்தன. பல இடங்களில் இரண்டுக்கும் இடையே சில கஜத் தூரம்கூட இல்லை. மழைக்காலத்தில் அந்த மண்ணில் என்ன இறங்கும், எங்கே போய்ச் சேரும் என்பது யாருடைய கணக்கிலும் வரவில்லை. தூரம் என்பது கழிவுக்காக இருந்ததைவிடக் கழிவை எடுக்கிறவருக்காகவே அதிகம் இருந்தது. தனிச் சந்து, தனிக் கதவு, வாசல் பக்கம் வரக் கூடாது என்ற தடை, கூலியைத் தூர நின்று வாங்க வேண்டும் என்ற வழக்கம் ஆகிய எதற்கும் சுகாதாரத்தில் விளக்கம் கிடையாது. சாதி ஒழுங்கில் மட்டுமே அவற்றுக்கு விளக்கம் உண்டு.

வசதி இல்லாததால்தான் அப்படி இருந்தது என்பது இரண்டாவது மறுப்பு. இதற்குச் செட்டிநாடு பதில் சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நகரத்தார்கள் காரைக்குடியைச் சுற்றிய ஊர்களில் எழுப்பிய வீடுகளுக்குப் பர்மாத் தேக்கு வந்தது, இத்தாலியப் பளிங்கு வந்தது, ஜப்பான் ஓடுகளும் பெல்ஜியம் கண்ணாடியும் கப்பலேறி வந்தன. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடுகள் அவை. உலகத்தில் காசு கொடுத்து வாங்கக்கூடிய எதையும் வாங்கி வீட்டில் பதிக்க முடிந்தவர்கள், கழிவறையை மட்டும் பின்கட்டுக்கு அப்பாலேயே வைத்திருந்தார்கள். மாடியில் விசாலமான அறைகள் இருந்தும் அவற்றுடன் இணைந்த கழிவறை இல்லை. அண்மைக் காலத்தில் இந்த வீடுகளில் சில விடுதிகளானபோது, அறைக்கு அறை கழிவறை சேர்ப்பது பெரிய வேலையாக நின்றது இதனால்தான். பணத்தால் தீரக்கூடிய தடையாக இருந்திருந்தால் அது செட்டிநாட்டில் 1900ஆம் ஆண்டிலேயே தீர்ந்திருக்கும்.

இந்த வாதத்துக்கு மிக உறுதியான சான்று எதிர்ப்பக்கத்திலிருந்து, துரைமார் பங்களாக்களிலிருந்து கிடைக்கிறது. படுக்கையறை ஒவ்வொன்றுக்கும் தனிக் குளியலறை என்ற அமைப்பு இந்தியாவில் குழாய்க்கு முன்பே இருந்தது. கம்பெனிக் காலத்திலிருந்தே வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்களில் படுக்கையறையை ஒட்டி ஒரு சிற்றறை; அதன் மூலையில் தாழ்வான வரம்பு கட்டி, சுவரில் தண்ணீர் வெளியேற ஒரு துளை; தகரத் தொட்டி; மரப்பெட்டிக்குள் பீங்கான் சட்டி வைத்த நாற்காலி. குழாய் இல்லை, சாக்கடை இல்லை. தண்ணீரை ஓர் ஆள் சுமந்து வந்தார், சட்டியை இன்னோர் ஆள் எடுத்துப் போனார். அதற்காகவே அந்தச் சிற்றறைக்கு வெளிப்பக்கம் ஒரு கதவு இருந்தது. மாடி வைத்த வீடுகளில் அந்தக் கதவுக்கு ஏற ஒரு தனிப் படி தேவைப்பட்டது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் பழைய மாளிகைகளின் பின்சுவரை ஒட்டி இன்றும் நிற்கிற இரும்புச் சுழற்படிகள் பலவற்றின் பிறப்புக் காரணம் இதுதான். பின்புறத்தில் குளியலறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றைத் தொட்டுக்கொண்டு சுழன்று ஏறும் அந்தப் படியில் வீட்டார் யாரும் கால் வைத்ததில்லை. ஆக, கழிவறையை மாடிக்குக் கொண்டுபோகக் குழாய் கட்டாயமில்லை. கழிவை எடுக்கிற ஆளுக்கு வீட்டுக்குள் நுழையாத ஒரு வழி இருந்தால் போதும். தமிழ்க் குடும்பங்கள் கொல்லைக் கோடியில் செய்ததையே துரைமார் சுவருக்கு வெளியே செங்குத்தாகச் செய்தார்கள்.

பிறகு குழாய் வந்தது, அந்தச் சுழற்படியின் இடத்தைப் பிடித்தது. 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை பெற்ற வளைகுழாய், தன் வளைவில் கொஞ்சம் தண்ணீரை எப்போதும் தேக்கி வைத்துச் சாக்கடைக் காற்று மேலே ஏறாமல் தடுத்தது. இன்று எந்தக் கழிவறைக் கிண்ணத்தின் கீழும் இருப்பது அதன் வாரிசுதான். 1890களில் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் டொனால்ட் கேமரன் அமைத்த செப்டிக் டேங்க், சாக்கடை வராத இடத்திலும் கழிவை மூடிய தொட்டிக்குள் அனுப்ப வழி காட்டியது. சென்னைக்குச் செங்குன்றத்து நீர் 1872இல் வந்தது; பொறியாளர் மேட்லி உருவாக்கிய கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்திலிருந்து வடிகட்டிய நீர் 1914இல் குழாயில் ஓடத் தொடங்கியது; பாதாளச் சாக்கடையும் அதே தலைமுறையில் பரவியது. ஆனாலும் மாடி அதற்குத் தயாராக இல்லை. அன்றைய மாடித் தளம் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரம், அதன்மேல் மரச்சட்டங்கள், சட்டங்களின்மேல் சிறிய தட்டைச் செங்கற்களைக் குறுக்காக நிறுத்திச் சுண்ணாம்பில் ஒட்டி, அதற்குமேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவையைக் கெட்டித்து, கடைசியாகத் தட்டோடு பதிப்பார்கள். வெயிலுக்கு இதைப் போல் தளம் கிடையாது. மேலே பெய்து வழிந்தோடும் மழையையும் தாங்கும். ஆனால் நாள்தோறும் தேங்கும் ஈரம் சட்டங்களின் முனையில் இறங்கினால் மரம் உளுத்துவிடும். கான்கிரீட் தளம் வந்து, குளியலறைப் பகுதியை மட்டும் முக்கால் அடியிலிருந்து ஒன்றரை அடி வரை தாழ்த்தி வார்த்து, அந்தப் பள்ளத்தில் குழாயைப் புதைத்து மூடும் முறை வந்த பிறகே மாடியில் தண்ணீர் புழங்கத் துணிந்தார்கள்.

தமிழ்க் குடும்பங்கள் வீட்டுக்குள் கழிவறையோடு வாழப் பெரிய அளவில் பழகிய இடங்களில் ஒன்று தமிழ்நாட்டுக்கு வெளியே, பம்பாய் மாட்டுங்காவில் இருக்கிறது. 1930களிலும் 40களிலும் குமாஸ்தா, கணக்கர் வேலைகளுக்காகப் போன தென்னிந்தியர்கள் அங்கே எழுந்த அடுக்ககங்களில் குடியேறினார்கள். அங்கே கொல்லை இல்லை. கழிவறை வீட்டுக் கதவுக்கு உள்ளே இருந்தது. உயர்சாதிக் குடும்பங்கள் இந்த ஏற்பாட்டுக்குத் தங்களை எப்படிப் பழக்கிக்கொண்டன என்பதை வரலாற்று அறிஞர் நிகில் ராவ், பம்பாய்ப் புறநகர் அடுக்ககங்கள் பற்றி 2013இல் வெளியான தம் நூலில் ஆராய்ந்திருக்கிறார். வழித்தெடுக்கும் ஆள் வர வேண்டாத, தண்ணீர் அடித்துக் கழுவும் கழிவறையாக அது இருந்ததே அந்தப் பழக்கத்துக்கு வழி செய்தது. அதே குடும்பத்தினர் ஊரில் எடுப்புக் கக்கூஸைக் கூடத்துப் பக்கத்தில் வைக்க ஒருநாளும் சம்மதித்திருக்க மாட்டார்கள். மேல்நாட்டைப் பார்த்துப் போலிசெய்ததன் விளைவே அட்டாச்ட் பாத்ரூம் என்று சொல்கிறவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். மேல்நாட்டு மாதிரி பங்களா வடிவில் நூறு ஆண்டுகளுக்கு மேல் கண்முன் இருந்தும் பின்பற்றப்படவில்லை. எடுத்துப் போகிற ஆளைக் குழாய் மறைத்த பிறகுதான் அந்த மாதிரி நமக்கு ஏற்புடையதாயிற்று.

தமிழ்நாட்டில் இந்த மாற்றம் படிப்படியாக நடந்தது, ஒவ்வொரு படியும் வீட்டில் தடம் விட்டிருக்கிறது. 1950களுக்குப் பின் கட்டப்பட்ட புறநகர் வீடுகளில் கழிவறை கொல்லைக் கோடியிலிருந்து வீட்டின் பின்சுவரை வந்து தொட்டது. ஆனால் கதவு இன்னும் வெளிப்பக்கம்தான். அடுத்து அது மாடிப்படிக்கு அடியில் ஒண்டியது. குளியலறை தனி, கழிவறை தனி. 1961இல் உருவான தமிழ்நாடு வீட்டு வசதி வாரியத்தின் பழைய வீடுகளில் இந்தப் பிரிவினையை இன்றும் பார்க்கலாம். மாடிக்குக் கழிவறை முதலில் ஏறியது பல ஊர்களில் வீட்டாருக்காக ஏறவில்லை, குடித்தனக்காரருக்காக ஏறியது. வெளியே படி வைத்து மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டவர்கள், மொட்டை மாடி ஓரத்தில் ஒரு கழிவறை கட்டிக் கொடுத்தார்கள். அதற்குத் தண்ணீர் ஏற வேண்டுமே. முதல் இந்திய மின்மோட்டார் 1937இல் கோயம்புத்தூரில் உருவானது. அந்த நகரத்துப் பம்புசெட்டுகள் பிற்பாடு வீட்டுக் கிணற்றுக்கும் ஆழ்துளைக்கும் வந்தன. 1975இல் வந்த சின்டெக்ஸ் பிளாஸ்டிக் தொட்டியைக் கயிறு கட்டி மாடிக்கு ஏற்றிவிடலாம். 1977இல் தொடங்கிய எச்டிஎஃப்சி மாதச் சம்பளக்காரருக்கு வீட்டுக் கடன் தந்தது. சிமென்ட் மீதான அரசுக் கட்டுப்பாடு 1982இல் பகுதியாகவும் 1989இல் முழுதாகவும் நீங்கியது. 1980களின் கடைசியில் இவை எல்லாம் ஒரே வீட்டில் கூடின. பிள்ளைகள் வளர்ந்தபோது குடித்தனக்காரரை அனுப்பிவிட்டு மாடியைக் குடும்பமே எடுத்துக்கொண்டது. வெளிப்படி உள்ளே வந்தது, ஓரத்துக் கழிவறை உடைக்கப்பட்டுப் படுக்கையறைக்குள் நுழைந்தது. இன்று திருத்தப்படும் மாடிகளில் பெரும்பாலானவை இந்தக் கதையின் கடைசிக் கட்டத்தில்தான் இருக்கின்றன.

இந்தப் பயணத்தில் கிடைத்தது சிறிதல்ல. இரவில் தனியாக வெளியே போக வேண்டிய அச்சம் பெண்களுக்கு நீங்கியது. மாதவிலக்கு நாட்களில் கொல்லைத் திண்ணையிலோ தனி மூலையிலோ ஒதுக்கி வைக்கப்பட்டவளால், தன் அறைக்குள்ளேயே தண்ணீரும் மறைவும் கிடைத்தபோது, யாருக்கும் தெரிவிக்காமல் அந்த நாட்களைக் கடக்க முடிந்தது. அந்த வழக்கத்தைத் தளர்த்தியதில் பிரசாரத்துக்குள்ள பங்கு குளியலறைக் கதவின் தாழ்ப்பாளுக்கும் உண்டு. கணவன் மனைவிக்கு அந்தரங்கம் என்ற உரிமை கூட்டுக்குடும்ப வீட்டுக்குள்ளேயே சாத்தியமானது. நோயில் கிடப்பவருக்குப் பத்தடியில் கழிவறை இருப்பது மருந்துக்கு நிகர். ஆகவே கொல்லைக்குத் திரும்பச் சொல்லும் எந்தப் பழம்பெருமைப் பேச்சையும் ஏற்க வேண்டியதில்லை. வாஸ்துவைக் காட்டி ஈசான்ய மூலையில் கழிவறை வைத்தால் கேடு என்று சொல்வதும் அந்தப் பழைய ஒதுக்கலின் மிச்சமே. மனை நூல்கள் எழுந்த காலத்தில் படுக்கையறைக்குள் தண்ணீர்க் குழாயோடு கழிவறை இருந்ததில்லை. இல்லாத ஒன்றுக்கு அவற்றிலிருந்து மூலை குறிப்பது இக்காலத்து வேலை. பூஜை அறைக்கு மேல் வேண்டாம் என்பது குடும்பத்தின் மன நிறைவுக்காக இருந்துவிட்டுப் போகட்டும். கழிவறைக்குமேல் கழிவறை வருவது குழாய்க்கும் நல்லது, கசிவைக் கண்டுபிடிக்கவும் எளிது.

எடுப்புக் கக்கூஸ் போய்விட்டது, சந்துகளை அக்கம்பக்கத்தார் மதிலுக்குள் சேர்த்துக்கொண்டார்கள், இனி இந்தப் பழங்கதை எதற்கு என்பது கடைசி மறுப்பு. மிகக் கவனமாகப் பதில் சொல்ல வேண்டியதும் அதுதான். முதலாவதாக, அது எளிதில் போய்விடவில்லை. 1957இல் மத்திய அரசு அமைத்த மல்கானி குழு தலைச்சுமையை ஒழிக்கச் சொன்னது. கையால் மலம் அள்ளவைப்பதையும் எடுப்புக் கக்கூஸ் கட்டுவதையும் தடைசெய்யும் சட்டம் 1993இல்தான் வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும், மனிதர் கையால் கழிவு அகற்றப்படும் கழிவறைகள் நாடு முழுவதும் ஏறக்குறைய 7.94 லட்சம் இருந்தன. இரண்டாவதாக, சந்தில் வந்த ஆள் இப்போது தொட்டிக்கு அருகில் நிற்கிறார். சாக்கடை எட்டாத மனைகளில் மாடிக் குளியலறையின் குழாய் போர்டிகோவுக்கு அடியில் மூடிக் கிடக்கும் செப்டிக் டேங்கில் முடிகிறது. அதற்குள் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்கின்றன. பின்னது அளவு கூடும்போது மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் குறைந்துவிட்டது என்று நம்பி இறங்குகிறவர் சில மூச்சுகளில் சாய்கிறார், தூக்கப் போகிறவரும் அவரோடு சாய்கிறார். சாக்கடையிலும் தொட்டியிலும் இறங்கி இறந்தவர்களைப் பற்றித் தேசியத் துப்புரவுப் பணியாளர் ஆணையம் 1993இலிருந்து திரட்டிய பதிவுகளில் தமிழ்நாட்டு இறப்புகள் 200ஐத் தாண்டும். மாநிலங்களில் இதுவே மிக அதிகம். 2013இல் வந்த சட்டம் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் விதித்து, 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. குழாய் சாதியை ஒழித்துவிட்டது என்று இந்தப் பதிவுகளுக்குப் பிறகும் எவராலும் சொல்ல முடியாது. குழாய் அதைத் தரைக்கு அடியில் தள்ளியது, அவ்வளவே.

அப்படியானால் மாடியைத் திருத்திக் கட்டுகிற குடும்பத்துக்கு இந்த வரலாறு தரும் பொறுப்பு என்ன? கழிவறை இரண்டாவதால் மட்டும் தொட்டி சீக்கிரம் நிறைந்துவிடாது. அது புழங்கும் ஆள் கணக்கைப் பொறுத்தது. ஆனால் மாடியைத் திருத்துவதே பெரும்பாலும் ஆள் கூடுவதால்தான். குளிக்கிற, துவைக்கிற நீரையும் அதே தொட்டிக்கு விட்டால் கசடு படிய நேரமில்லாமல் வெளியே தள்ளப்பட்டு அடைப்பு வரும், அடைப்பு வந்தால் ஆளைத் தேடுவார்கள். எனவே அந்த நீருக்குத் தனிக் குழாய் வேண்டும். குளியலும் கழிவறையும் சேர்ந்த அறைக்கு இந்தியக் கட்டட நெறிமுறை குறைந்தது 2.8 சதுர மீட்டர் கேட்கிறது. வரைபடத்தில் அதை அளந்து பார்க்கிற அக்கறை, வரைபடத்தில் வராத தொட்டிக்கும் உரியது. டைல்ஸுக்கு அடியில் புதைத்துவிடாமல் திறக்கக்கூடிய மூடி, காற்றுக் குழாய், லாரியின் உறிஞ்சுகுழாய் எட்டும் இடம், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இயந்திரத்தால் மட்டுமே எடுப்பது என்ற உறுதி ஆகியவை ஒரு குளியலறைக்கு ஆகும் டைல்ஸ் செலவில் சிறு பங்கில் முடியும். கழிவு மேலாண்மைக்காகத் தமிழ்நாடு அரசு 2014இல் உள்ளாட்சிகளுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல்களும் முறையான இடைவெளியில் தொட்டியைக் காலி செய்வதையே வற்புறுத்துகின்றன. கழிவறையை எங்கே வைப்பது என்பதைத் தீர்மானிக்கும் சுதந்திரம் நமக்குக் கிடைத்தது, கழிவைச் சுமந்தவர்களை நம் கண்ணிலிருந்து மறைத்த ஒரு மாற்றத்தின் வழியாக. அவர்கள் நம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்ததே நம் பாரம்பரியம். எவரும் தொட்டிக்குள் இறங்கத் தேவைப்படாத வீடாகக் கட்டும்போதுதான் அந்தப் பாரம்பரியம் முடிகிறது. மாடியின் வரைபடத்தோடு தொட்டியின் வரைபடத்தையும் கேட்டு வாங்குவது அதற்கு முதல் வேலை, அதைச் செய்யும் அதிகாரம் வீடு கட்டுகிற ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் இருக்கிறது.